நிறுத்தி வைத்த காரின் டயர்கள்

என் கூடப்பிறந்த மூத்த காக்கா, இன்று கல்முனையில் டயர் கடைக்காரரோடு சண்டை பிடித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். என் காரின் நான்கு டயர்களையும் மாற்றச் சொன்னேன். "இன்னும் ஒரு வருஷம் ஓடலாமே டீச்சர், ஏன் வீணாக்குறீங்க?" என்றார். கடை முழுக்கப் புது ரப்பர் மணம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஓட்டுறது நானா, நீங்களா? கழட்டுங்க!" என்று கத்தினேன். பாவம், அந்த மனிதர். அந்தக் கத்தல் உங்களுக்கு உரியது.

வருடத்தில் ஒரு மாதம்தான் கட்டாரிலிருந்து லீவில் வருவீர்கள். மற்றப் பதினொரு மாதமும் உங்கள் கார் வாசலில் படங்கு போர்த்தியபடி நிற்கும். வந்ததும் முதல் வேலை, டயர்களைக் கழுவிக் கறுப்புப் பாலிஷ் பூசுவது. கடைசியாக வந்தபோது, நீங்கள் பூசுமுன் நான் குனிந்து பார்த்தேன். பள்ளங்கள் ஆழமாகத்தான் இருந்தன. ஆனால் பக்கமெல்லாம் நூல் நூலாக வெடிப்பு. அங்கே பொறித்திருந்த நான்கு இலக்கங்களில் கடைசி இரண்டும் டயர் செய்த ஆண்டு. கணக்குப் பார்த்தால் பதினொரு வருடம்.

"காக்கா, இது பழசு. மாத்துங்க."

"ஓடாத டயர் எப்பிடிப் புள்ள தேயும்?"

"தேயல்ல காக்கா, காஞ்சி போயிட்டு."

"ஓம் ஓம். நீ புள்ளையளுக்குப் படிப்பிக்கிற வேலயப் பாரு" என்று சிரித்தீர்கள். யாருடைய வாகனத்தில் சின்னச் சத்தம் கேட்டாலும் இறங்கிப் பார்க்கும் மனிதர், தன் காருக்கு மட்டும் பாலிஷ் போதும் என்று இருந்துவிட்டார்!

இறக்காமம் போகும் வழியில், கொதிக்கிற பகலில், முன் டயர் வெடித்துக் கார் வாய்க்காலுக்குள் போனது. உங்கள் மையத்தைப் பார்க்கச் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "அல்லாஹ்ட நாட்டம்" என்றார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கிழிந்த டயரில் உங்கள் பாலிஷ் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்ததே! அதைப் பார்த்த பிறகு யாருடைய ஆறுதலும் எனக்குள் இறங்கவில்லை.

இப்போது யார் வீட்டு வாசலில் கார் நின்றாலும் குனிந்து அந்த இலக்கங்களை வாசிக்கிறேன், கல்யாண வீட்டிலும்கூட. டீச்சருக்கு என்னவோ பிடித்துவிட்டது என்கிறார்கள். சொல்லட்டும்.

உங்கள்மேல் மட்டும் கோபம் என்றால் எப்போதோ ஆறியிருக்கும். டயர் வெடித்த அன்று காலையில் என் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினீர்கள். கார்ச் சாவி மேசையில், என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. லீவு முடிய ஐந்து நாள் இருந்தது. எடுத்து ஒளித்திருந்தால், மிஞ்சிப்போனால் அந்த ஐந்து நாளும் என்னோடு கதைத்திருக்க மாட்டீர்கள்.

அந்த ஐந்து நாளுக்குப் பயந்துவிட்டேன், காக்கா.