‘வரவில்லையா’ என்று கேட்ட திரை

மார்ச் 3

தலைக்குச் சாயம் பூசிக்கொண்டேன். காதுக்கும். பெட்டியின் பின்னால் விளக்கம் இருந்தது, படிக்கவில்லை. படித்தால்தான் பயன்படுத்த முடியும் என்றால் அது குறையுள்ள பொருள் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறவன் ஆயிற்றே. இப்போது இடது காது மடல் புதுச் செருப்பு மாதிரி பளபளக்கிறது.

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். “காதுக்கு எதுக்குங்க? அதைத்தான் நீங்க உபயோகிக்கறதே இல்லையே.”

காரணம் இதுதான். ஆபீசில் இரண்டு குழுக்களை ஒன்றாக்குகிறார்கள். திரைகளையும் பொத்தான்களையும் வடிவமைக்கிற மூத்த இன்டராக்‌ஷன் டிசைனர்கள் இரண்டு பேர் இருந்த இடத்தில் இனி ஒருவர். நானா, காத்தா என்பதுதான் கேள்வி. காத்து அவள் பெயரல்ல. எந்தத் திரையைக் காட்டினாலும் “இன்னும் கொஞ்சம் காத்து வேணும் சார்” என்று எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பாள். என் மகளைவிட இரண்டு வயது பெரியவள். அடுத்த புதனன்று இருவரும் தனித்தனியாகப் பேச வேண்டும்: எங்கிருந்து வந்தோம், எதை நம்புகிறோம், இங்கே எப்படி வந்து சேர்ந்தோம். ஐம்பத்தொரு வயதில் என் நாற்காலிக்கு நானே விண்ணப்பதாரன்.

மார்ச் 5

எங்கிருந்து வந்தேன்? லிஃப்ட் கம்பெனியின் புகார்த் தொலைபேசியிலிருந்து. கணக்கில் தேறாத பி.எஸ்ஸி.க்கு அந்த நாற்காலிதான் கிடைத்தது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள். எடுத்த எடுப்பில் “நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன் போல சார்” என்பார்கள். இருட்டுப் பெட்டிக்குள் நின்றுகொண்டு மன்னிப்புக் கேட்பார்கள். கதவைத் திறக்கிற பொத்தானையும் மூடுகிற பொத்தானையும் ஒரே அச்சில் வார்த்தவன் எங்கேயோ நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பான். கடுப்பில் ஒருநாள் பொத்தான் பலகையை நானே காகிதத்தில் வரைந்து மேலாளர் மேஜையில் வைத்தேன். திட்டுவார் என்று பார்த்தால், அடுத்ததையும் வரையச் சொன்னார். அப்புறம் பணம் எடுக்கிற இயந்திரத்தின் திரை, டிக்கெட் திரை, கைபேசி.

எதை நம்புகிறேன்? தப்பாக அழுத்தியவர் மேல் தப்பில்லை.

அவ்வளவுதான். அரை வாழ்க்கை, ஒரு வரி. பேச வேண்டிய மீதி நேரத்தை எப்படி ஓட்டுவது?

மார்ச் 8

ரத்துக் கதையைச் சொல்லிவிடலாம்.

ஆஸ்பத்திரி ஆப்பில் “முன்பதிவை ரத்து செய்யவா?” என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்: ‘சரி’, ‘ரத்து’. வர முடியாதவர் ‘ரத்து’ என்பதை அழுத்துவார். இயந்திரமோ ரத்து செய்வதையே ரத்து செய்துவிடும். நான் மூன்று மாதம் சண்டை போட்டு மாற்றினேன். “நீங்கள் வரவில்லையா?” – ‘ஆமாம்’, ‘இல்லை’. மனுஷன் மனுஷனைக் கேட்கிற மாதிரி. நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான்.

மனைவியிடம் சொன்னேன். “ரத்துக் கதையா? சொல்லுங்க. அதை நிறுத்தறதுக்காவது வேலை குடுப்பாங்க.”

மார்ச் 11

முடிந்தது.

பேச்சைக் கேட்டவள் புது மேலாளர். எல்லாரிடமும் “சுருக்கமா” என்பதால் அவளுக்குச் சுருக்கம் என்றே பெயர். லிஃப்ட்டுக்குத் தலையாட்டினாள். ரத்துக்குச் சிரித்தாள். அந்தத் தெம்பில் நான் இன்னும் கொஞ்சம் பெருமை அடித்தேன். அப்போது என் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

“நீங்க இன்னும் சாப்பிடலையா சார்?”

“இல்லம்மா.”

“உங்க திரைப்படி, நீங்க சாப்பிட்டாச்சு.”

புரியச் சிறிது நேரமானது. வரவில்லையா என்று கேட்டால் நாம் ‘ஆமா’ என்றாலும் வரவில்லை. ‘இல்லை’ என்றாலும் வரவில்லை. நம் வாயில் இரண்டும் ஒன்று. என் திரையில் ‘இல்லை’ என்றால் வருகிறார் என்று கணக்கு.

“புகார் எதுவும் வந்துச்சா?” என்றேன்.

“ஒண்ணுகூட இல்ல. தங்க மேலதான் தப்புன்னு நினைச்சிருப்பாங்க சார்.”

என் ஒரு வரியை எடுத்து என் மேலேயே வைத்தாள். கோபமாகக்கூட இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.

மார்ச் 12

எத்தனை பேரு? வர முடியாதுன்னு சொல்லியாச்சுன்னு நம்பி வீட்டுல இருந்தவங்க எத்தனை பேரு? அவங்க இடம் காலியாவே கிடந்திருக்கும் – அது கிடைக்காம வலியோட திரும்பினவங்க? பிறந்ததுலேருந்து பேசற பாஷை. ‘இல்லை’ன்னா என்னன்னு தெரியல எனக்கு. டீ குடிச்சுட்டு இருந்தவன் நான்தான்.

மார்ச் 13

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 16

நாற்காலி காத்துக்கு. எனக்கு வேலை மாதக் கடைசிவரை.

அவளே வந்து நின்றாள். “சார், கோவம் இல்லையே?” “இல்லம்மா,” என்றேன். திரை விஷயம் அதற்குள் ஆபீஸ் முழுக்கப் பரவியிருந்தது; சொன்ன உடனே இருவருக்கும் அது ஞாபகம் வந்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

மனைவியிடம் மூன்று வாக்கியத்தில் சொன்னேன். ஜோக் எதுவும் அடிக்கவில்லை அவள். அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 19

காலையில் குளித்து, சட்டை போட்டு, பஸ் நிறுத்தம்வரை போய்விட்டுத் திரும்பினேன். ஆபீசில் என்னை எல்லாரும் மெதுவான குரலில் விசாரிக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்த வீட்டில், இறந்தவனே கதவைத் திறந்தால் எப்படியிருக்கும்? அப்படி.

இனி யார் கேட்பார்கள் என்னை? யாராவது கேட்டாலும் எதை நம்புகிறேன் என்று சொல்வது?

மார்ச் 24

அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றும் ஒரு நினைப்பு. யாரிடம் என்று தெரியாது.

வரவேற்பு மேஜையில் ஒரு பெண், கழுத்தில் தொலைபேசியை இடுக்கியபடி பேசிக்கொண்டிருந்தாள். முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். ஆப்பில் வரவில்லை என்று சொன்ன பிறகும் முன்பதிவு ரத்தாகாமல் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

“ஆப்புல சொல்றதா? அது எங்களுக்கு வராதே சார்.”

“வராதுன்னா?”

“இந்தக் கம்ப்யூட்டரோட அதை இணைக்கவே இல்லியே. ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான். எல்லாரும் போன்தான் பண்ணுவாங்க.”

“ஆமாம், இல்லை – எதை அழுத்தினாலும்?”

“எதை அழுத்தினாலும்,” என்றாள், அடுத்த போனை எடுத்துக்கொண்டே.