கறுப்பு டேப்பின் மடித்த நுனி

இன்று காலை எழுந்ததும் அடுப்பில் தண்ணீர்கூட வைக்காமல் கொட்டகைக்குப் போய், உங்கள் காரில் ஏறி உட்கார்ந்து ரேடியோவைப் போட்டேன். கண்ணாடி முழுக்கப் பனி. வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குரல் தெரிந்தது. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து வாசிப்பதுபோல அவ்வளவு தெளிவு. மரண அறிவித்தல் நேரம். யாரோ ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் காலமாகியிருந்தார். அவருடைய மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். ஒரு எழுத்துக்கூட இரைச்சலில் போகவில்லை.

ஏழு வருடங்களுக்குப் பிறகு உங்கள் ரேடியோ பேசுகிறது. நேற்றுத்தான் சரியானது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிற நேரத்தில் இதைத்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த அறிவித்தல்களைக் கேட்கப் பழக்கியதே நீங்கள்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வட்டவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராக வந்தீர்கள். நான் அங்கே வரலாறு படிப்பித்தேன். நம் கல்யாணத்துக்குப் பிறகு தினமும் ஹட்டனிலிருந்து ஒன்றாகவே காரில் போவோம். ஹட்டனை விட்டால், வட்டவளைக்கு முன்னால் பள்ளத்தாக்கு திறக்கிற அந்த வளைவில் மட்டும்தான் ரேடியோ சுத்தமாக எடுக்கும். அங்கே காரை ஓரம் கட்டி, அறிவித்தல் முடியும்வரை உட்கார்ந்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நான் பொருமினால், "ஆர் செத்தது எண்டு தெரியாமல் என்னெண்டு பாடம் எடுக்கிறது? நீர் கொஞ்சம் கதைக்காமல் இரும்" என்பீர்கள். மற்றவர்களுக்குக் கடிதம் வரும். உங்களுக்கு ஊர்ச் செய்தி சாவாகத்தான் வந்தது.

பின் சீட்டில் சில நாட்களில் அப்பாவும் இருப்பார். வட்டவளைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்து காது மந்தமானவர். வளைவு தாண்டியதும் இரைச்சல் தொடங்கினால் சிரிப்பார். "மாப்ள, உங்க ரேடியோவுல எறம்பொட அருவித் தண்ணி விழுகுது. ஒரு வாளி புடிச்சு வைங்க." நீங்களும் சிரிப்பீர்கள். மாதா மாதம் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது நீங்கள். வரிசையில் நின்று மருந்து வாங்கிக் கொடுத்ததும் நீங்கள். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்த மடல் எழுதுவது சுலபம்.

பிறகு ஒரு நாள் அந்த வளைவிலும் ரேடியோ எடுக்காமல் போனது. வெறும் இரைச்சல். "மலை மறைக்குது. அதுக்கு றேடியோ என்ன செய்யும்?" என்றீர்கள். நேற்றுவரை மறைக்காத மலை இன்றைக்கு எப்படி மறைக்கும் என்று கேட்டேன். எங்கேயோ கோபுரத்தை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னீர்கள். நான் விடவில்லை. நீங்கள் காலையில் ஒன்றும் கேட்காமல் காரை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஏரியலின் அடியில் பிடித்திருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தேன். யாரோ சொன்னார்கள் என்று நுனியில் செம்புக் கம்பி சுற்றினேன். உங்கள் பிறந்தநாளுக்குப் புது ஏரியலே வாங்கி வந்து மட்காட்டில் நானே முடுக்கினேன். அன்றைக்கு மழை. நான் குனிந்து முடுக்க, நீங்கள் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றீர்கள். இரைச்சல் அப்படியே இருந்தது. "விடும், உமக்கு ஏன் இந்தக் கரைச்சல்" என்று என் தலையில் விழுந்த தண்ணீரைத் துடைத்துவிட்டீர்கள்.

அந்தக் குடையைத்தான் என்னால் இன்றைக்கு மன்னிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். அன்று காலை ரேடியோவில் உங்கள் பெயர் வரும். அதை உங்கள் காரிலேயே, அந்த வளைவிலேயே நிறுத்திக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் ஹட்டனில் வயரிங் பாஸிடம் காரை விட்டேன். உங்களுக்கும் தெரிந்த ஆள்தான், பஸ்நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் மெக்கானிக்.

அவர் முதலில் என்ஜினை நிறுத்தச் சொன்னார். "ஓடும்போது மட்டும் எரையுதுன்னா என்ஜின் கோளாறு டீச்சர். நின்னாலும் எரையுதே." அடுத்து ஏரியலை ஆட்டிப் பார்த்தார். "யாரு போட்டது? நல்லா முடுக்கியிருக்காங்களே." கடைசியில் ரேடியோ செட்டை முன்பலகையிலிருந்து வெளியே இழுத்து, பின்னால் இருந்த ஓட்டையில் ஒரு முழம் சாதாரண வயரைச் சொருகினார். ஒரு பெண் பாடத் தொடங்கினாள். அவ்வளவு சத்தத்தில் கடைக்குள் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"செட்டுல ஒன்னுமில்ல. மலை மேலயும் பழி போட வேணாம்" என்றவர், பலகைக்குள் கைவிட்டுத் துழாவி ஏரியல் வயரின் நுனியை வெளியே எடுத்தார். கறுப்பு டேப் சுற்றி, பின்பக்கமாக மடித்து, மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டியிருந்தது. "தானா கழண்டிருந்தா தொங்கும் டீச்சர். இத யாரோ கழட்டி, பத்தரமா கட்டி வச்சிருக்காங்க. வேற பாஸ் யாருகிட்டயாச்சும் குடுத்தீங்களா?"

இல்லை என்றேன். டேப்பைப் பிரிக்க அவர் கத்தி தேடினார். வேண்டாம், கையாலேயே வரும் என்று நான் சொன்னேன். டேப்பின் நுனி உள்பக்கமாகச் சின்னதாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது. பிடித்து இழுத்ததும் வந்துவிட்டது.

நம் வீட்டில் டேப்பை அப்படி ஒட்டுகிறவர் ஒருவர்தான் இருந்தார். தண்ணீர்க் குழாயானாலும் பரீட்சைத் தாள் கட்டானாலும் நுனியை மடித்துத்தான் முடிப்பீர்கள். "நாளைக்குக் கழட்டிறவன்ர நகம் தேயக்கூடாது." கழற்றப்போவது யார் என்று அப்போது நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள்.

கடையிலேயே அந்த நாள் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் அம்மா காலமான செய்தி வந்த மாலை. நீங்கள் வாசலில் நின்று உங்கள் தங்கச்சியோடு வெகுநேரம் போனில் கதைத்தீர்கள். பெயர்களைச் சொன்னீர்கள், எழுத்துக்கூட்டிச் சொன்னீர்கள். பிறகு தங்கச்சி சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். அதற்கப்புறம், "ஓம், அப்பிடியே போடு" என்றீர்கள். துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த எனக்கு அது சவம் எடுக்கும் நேரம் பற்றிய பேச்சாகத்தான் பட்டது. போனை வைத்துவிட்டு, தூரப் பயணம், எண்ணெய் தண்ணீர் பார்க்க வேண்டும் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்குப் போனீர்கள். அரைமணி நேரம். அம்மாவை இழந்தவர் தனியாக அழட்டும் என்று நான் வெளியே வரவில்லை.

விடியுமுன் புறப்பட்டோம். அந்த வளைவில் இரைச்சல்; நீங்கள் முதல்முறை மலையைப் பழி சொன்னது அங்கேதான். கினிகத்தேனையில் இரைச்சல், கண்டியில் இரைச்சல். மாத்தளையும் தாண்டி, தம்புள்ளைச் சமவெளியிலும் அதே இரைச்சல். "இங்க மலையே இல்லீங்களே" என்றேன். நீங்கள் ரோட்டிலிருந்து கண் எடுக்காமல், "இண்டைக்கு றேடியோ கேக்கிற நாளே?" என்றீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையை நீட்டி அதை நிறுத்தினேன்.

செத்த வீட்டு மதிலில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. மருமக்கள் என்ற இடத்தில் உங்கள் தங்கச்சியின் கணவர் பெயரும் கனடாவில் இருக்கும் உங்கள் தம்பி மனைவியின் பெயரும் இருந்தன. பன்னிரண்டு வருடம் அந்த வீட்டு மருமகளாக இருந்தவளின் பெயர் இல்லை. உங்கள் கையைப் பிடித்துக் காட்டினேன். "அச்சடிச்சவன்ர பிழை. அவசரத்தில விடுபட்டுப் போச்சு. றேடியோவில உம்மட பேர் போனது. நான்தான் குடுத்தனான்" என்றீர்கள். நம்பினேன். அந்த மூன்று நாளும் குசினியில் தேத்தண்ணீர்க் கோப்பை கழுவினேன். ஒரு பெரியம்மா கேட்டார், "பிள்ளை எந்த இடம்?" ஹட்டன் என்றேன். "ஹட்டனில ரவுணோ, தோட்டமோ?" டவுன் இல்லை, தோட்டம் என்றேன். அவர் கையிலிருந்த கோப்பையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கழுவக் கொடுத்தார். அப்போதும் உங்கள் மீது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ரேடியோவில் என் பெயர் போயிருக்கிறதே.

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். "ரேடியோல என் பேரையும் சொன்னாங்களாம்பா." அவர், "அப்படியாம்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து அப்பாவின் முன்னால் உட்கார்ந்தேன். அம்மா போனபிறகு அவர் நம்மோடுதானே இருக்கிறார். மாமி செத்த அன்றைக்கு ரேடியோ கேட்டீர்களா என்று உரத்த குரலில் கேட்டேன். அவர் என் கையில் இருந்த டேப் துண்டைப் பார்த்தார்.

"கேட்டேன். காலையில ஒரு வாட்டி, மத்தியானம் ஒரு வாட்டி. மொத வாட்டி என் காதுதான் கோளாறுன்னு நெனச்சேன். பக்கத்து லயத்து வீட்டு ஆளுங்களையும் கூப்புட்டு வச்சிருந்தேன், எம்மக பேரு வருதுன்னு."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொல்லி? நீ அந்த மனுசன் கூடத்தான வாழணும்." பிறகு சொன்னார்: "அவரும் எங்கிட்ட நல்லாத்தான் இருந்தாரு. அதான் கேக்கல."

இரைச்சலைக் கேட்டு வாளி வைக்கச் சொன்ன மனிதர், அதற்குப் பிறகு ஒருமுறைகூட உங்கள் ரேடியோவைப் பற்றிப் பேசியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின் சீட்டில் இருந்தவருக்குத் தெரியும். ஓட்டியவருக்குத் தெரியும். நடுவில் நான் மட்டும் துருத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் பிறகாவது அதை மாட்டவில்லை? ஒவ்வொரு ஆண்டும் அம்மாவின் நினைவு நாளில் அதே பெயர்கள் அதே வரிசையில் போகும் என்பதாலா? அல்லது ஒருநாள் திடீரென்று எடுத்தால் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்பேன் என்ற பயமா? நுனியை மடித்து ஒட்டியவர் என்றோ ஒருநாள் பிரிக்க நினைத்துத்தானே இருந்திருக்க வேண்டும். ஒரு பெயரைக் கொடுக்க உங்களுக்குத் தைரியம் வரவில்லை. அதை மறைக்க, நீங்கள் ஆசையாகக் கேட்ட ஒன்றையே உயிரோடு இருந்தவரை விட்டுக்கொடுத்தீர்கள். அதற்கு இருந்த பலம் இதற்கு ஏன் இல்லாமல் போனது?

உங்கள் திவசத்துக்கான அறிவித்தலை உங்கள் தங்கச்சி எழுதி இரண்டு நாளைக்கு முன் போனுக்கு அனுப்பியிருந்தார். "அண்ணி, இது காணுமோ? பாத்து ஓம் எண்டு சொல்லுங்கோ." இந்த முறை என் பெயர் இருக்கிறது. அன்புக் கணவர் என்று போட்டிருக்கிறார். உங்கள் அப்பா, அம்மா, தம்பி, தங்கச்சி, அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். பதினெட்டு வருடம் நீங்கள் யாருக்கு மருமகனாக இருந்தீர்கள் என்பது மட்டும் இல்லை. முந்தாநாள் படித்தபோது எனக்கு அது கண்ணில் படவே இல்லை. நானே பழகிப்போயிருக்கிறேன்.

இன்று காலை தபாலதிபரின் அறிவித்தல் முடிந்ததும் ரேடியோவை நிறுத்திவிட்டு, காரிலேயே இருந்து ஒரு பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதியதில் உங்கள் அம்மாவின் பெயரை விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான். சத்தமாக வாசித்தபோது "அப்பிடியே போடு" என்ற உங்கள் குரல்தான் கேட்டது. கிழித்துப் போட்டேன். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள வேண்டியது அது இல்லை. டேப் துண்டை மட்டும் சோக்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நுனி இன்னும் மடிந்தபடியே இருக்கிறது.

பிறகு எழுதியதில் உங்கள் ஆட்கள் ஒருவரையும் விடவில்லை. ஆனால் அது இப்படித் தொடங்குகிறது: வட்டவளை, தோட்டத் தொழிலாளி முனியாண்டி, காலஞ்சென்ற பார்வதி ஆகியோரின் அன்பு மருமகன். உங்கள் பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது. திங்கட்கிழமை இதை நானே ரேடியோ நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். யாழ்ப்பாணத்துக்குத் திவசத்துக்குப் போகப்போவதில்லை. அன்று காலை அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து, அந்த வளைவில் காரை நிறுத்துவேன். உங்கள் தங்கச்சிக்கு இன்னும் ஓம் என்று பதில் அனுப்பவில்லை. அப்பாவிடமும் இதைச் சொல்லவில்லை.