மடிக்காத காகிதம்

நிலக்கோட்டை
வியாழக்கிழமை

என் தங்கம் சுகன்யாவுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். பம்பாயில் மழை விடவே இல்லை என்று டிவியில் காட்டினார்கள், நீ நனையாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது உன் பெயரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன். பதினைந்து நாளாக நீ கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. அம்மாவுக்குக் கோபமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். உன் டிவி நாடகத்தில் வருகிற ஊராட்சித் தலைவரம்மா நான்தான் என்று ஊரே கண்டுபிடித்துவிட்டது, அந்த வருத்தத்தில்தான் அம்மா பேசவில்லை, வேண்டுமானால் கடைசிப் பகுதியை மாற்றி எழுதிவிடுகிறேன் என்றும் சொன்னாயாம். கோபம் இல்லடி கண்ணு. உன்மேல் எனக்கு என்றைக்குக் கோபம் வந்திருக்கிறது? இது வேறு விஷயம். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்று மூன்று தடவை பட்டனை அமுக்கினேன், மூன்று தடவையும் பேசாமலே அழித்துவிட்டேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் நல்ல சேதியைச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி ஆனால் இங்கே தெருவில் ஆள் கிடையாது. உன் நாடகத்தில் ஊரை விற்றுத் தின்கிற அந்த மாவட்டச் செயலாளர் இருக்கிறானே, அவனாக நடிக்கிற பையன் போன வாரம் திண்டுக்கல்லில் ஒரு துணிக்கடை திறக்க வந்தானாம். கடைக்காரர்கள் மாலை வாங்க நம்ம பூக்கடை ரம்ஜான் பீவியிடம் வந்திருக்கிறார்கள். மாலை யாருக்கு என்று கேட்டவள், பேரைச் சொன்னதும், இத்தனை குடியைக் கெடுத்தவனுக்கு என் கையால மாலையா, போங்கப்பா என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அது நடிப்பு என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, நடிக்கிறதுக்கு வேற ஆளே இல்லையா என்கிறாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, பெருமையும் தாங்கவில்லை. அப்பாவும் வாயைத் திறக்காமல் பார்த்துவிட்டு, அதில் காட்டுகிற ஆடு நம்ம பக்கத்து ஆடு இல்லை என்று மட்டும் குறை சொன்னார். ஆனால் நீ எழுதினாய் என்று பெயர் போடும்போது செத்த நேரம் எழுந்து நிற்கிறார், முதுகு வலியாம், நான் நம்பிவிட்டேன்.

பூ எடுக்க வருகிற பெண்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே பேச்சுதான். கை மொட்டைப் பறிக்கும், வாய் அந்த ஆளைத் திட்டும். ஆனால் தலைவரம்மாவை மட்டும் ஒருத்தியும் திட்டுவதில்லை. மச்சினன் பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் காட்டுகிறானே, அந்தப் பகுதி வந்த மறுநாள் மாயக்காள் என் பக்கத்துச் செடியில் நின்றுகொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உனக்கு அவளை நினைவிருக்கும், கண்மாய்க்கரையில் தோட்டம் வைத்திருந்த பொம்மையன் பெண்டாட்டி. பாவம் அந்தம்மா, மடிச்சுக் காட்டினால் யாருக்குத்தான் தெரியும், நம்ம தலைவரம்மாவையும் இப்படித்தானே ஏமாத்தினாங்க என்று என்னைக் காட்டி மற்றவர்களிடம் சொன்னாள். எனக்காக அழுகிறாள் சுகன்யா. கண்மாயில் மண் அள்ளி, அவர்கள் கிணறு வற்றி, நட்டு வளர்த்த மல்லிகையை வேரோடு பிடுங்கிப் போட்டவர்கள். இன்றைக்கு அவள் என் தோட்டத்தில் கூலிக்குப் பூ எடுக்கிறாள், பொம்மையன் மார்க்கெட்டில் ஆண்டனிராஜ் கடையில் மூட்டை தூக்குகிறார். அவள் எனக்காக அழுகிறாள்.

நீ எட்டாவது படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கண்மாயை விற்றது அம்மாதான் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், நிஜமா என்று கேட்டாய். சித்தப்பா மடிச்சு நீட்டினாரு, அம்மா பாக்கலை என்று சொன்னேன். நீ அப்படியே என் மடியில் தலையை வைத்துக்கொண்டாய். அதை இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்து நாடகத்தில் எழுதியிருக்கிறாய். அது பொய் கண்ணு. காகிதம் மடிக்கவே இல்லை. உன் கண்ணன் சித்தப்பா தீர்மான நோட்டை விரித்து என் முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஆபீசில் நான் தனியாக இருந்தேன். பத்தாவது வரை படித்தவள், வரிவரியாகப் படித்தேன். கண்மாயில் மண் எடுக்க ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதி, எத்தனை அடி ஆழம் என்கிற இடத்தை வெறுமனே விட்டிருந்தார்கள். அதுவும் என் கண்ணில் பட்டது. கேட்டால் அடுத்த தடவை தேர்தலில் நிற்க விடமாட்டார்கள் என்று தெரியும். நான் போனால் நாலு பேர் எழுந்து நிற்பதும், கல்யாண வீட்டில் முன் வரிசையில் உட்கார வைப்பதும் எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் இதை வைத்துக்கொண்டு தூக்கம் இல்லை, உன் போனை எடுக்கவும் தைரியம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாயக்காள் திரும்பவும் அந்தப் பேச்சை எடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாயக்கா, யாரும் மடிக்கல. நான் படிச்சுட்டுத்தான் போட்டேன்" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. இடுப்புத் துணியில் இருந்த மொட்டுகளையெல்லாம் கூடையில் கொட்டினாள், துணியை உதறி மடித்தாள். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது, அவருகிட்ட வந்து சொல்லுங்க" என்றாள், போய்விட்டாள். எப்போதும் வாய்க்கு வாய் தலைவரம்மா என்பாள், அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

திங்கட்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். அப்பா கூட வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். பொம்மையன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். சத்தம் போடுவார், நாலு பேர் முன்னால் திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எம்புட்டு ஆழம்னு போட்டிருந்துச்சு?"

ஒன்றும் போடவில்லை, வெறுமனே விட்டிருந்தார்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த மூட்டையைத் தூக்கத் திரும்பிவிட்டார். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறி வந்தேன். திங்கட்கிழமையிலிருந்து மாயக்காள் வேலைக்கு வரவில்லை, வேறு தோட்டத்துக்குப் போகிறாளாம். ஆள் போதவில்லை, பாதிப் பூ செடியிலேயே விரிந்துவிடுகிறது. இருக்கட்டும்.

இப்போது நீ கடைசிப் பகுதியை எனக்காக மாற்றப் பார்க்கிறாய். அப்படிச் செய்யாதே. அந்தத் தலைவரம்மாவைப் பாவப்பட்டவளாக வைத்து முடிக்காதே தாயி. அவள் படித்தாள் என்று எழுது, யாரும் இல்லாத அறையில் நிதானமாகப் படித்தாள் என்று எழுது. ஊர் என்னைப் பேசும், பேசட்டும், ரம்ஜான் பீவி எனக்கும் பூ தரமாட்டாள், பரவாயில்லை. சித்தப்பாவும் சண்டைக்கு வருவார், அதை அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். நீ பயப்படாமல் எழுது.

அனுப்பிய பருப்புப் பொடியை ஃப்ரிட்ஜில் வைக்காதே, கட்டி தட்டிவிடும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. கண் கெட்டுப்போகாமல், கை நோகாமல், எழுதுகிறதெல்லாம் துலங்கி நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க போன் என் கையில்தான் இருக்கும். இதைப் படித்த பிறகு உனக்கு என்மேல் வெறுப்பு வந்தால் அதையும் கூப்பிட்டே சொல், கேட்டுக்கொள்கிறேன். கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா,
பொன்னழகு