வண்டியில் ஸ்டீரியோ மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

இன்று காலை பீரோ மேலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். வண்டியை விற்கிறேன். வாங்க வந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வண்டியோட வந்த ஸ்டீரியோ இருக்குதுங்களா மேடம்?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்தேன். பெட்டியின் மேல் நீல மையில் உன் கையெழுத்து. "தூக்கிப் போட்டுடாதே சுமதி. வண்டி விக்கும்போது கேட்பாங்க."

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. உன் எழுத்தைப் பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். கோபம்தான் வந்தது. நீ இருந்தபோது கேட்காமல் விட்டதை எல்லாம் இப்போது யாரிடம் கேட்பது? அதனால் எழுதுகிறேன்.

ஐந்து வருடம் ஆரணியிலிருந்து ஒரே வண்டியில் செய்யாரில் இருக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனோம். நான் தரப் பரிசோதனையில், நீ மேனேஜர் அறைக்கு வெளியே முதல் மேஜையில். கம்பெனி பஸ் இருந்தது. எனக்குப் பஸ்ஸில் குமட்டும், அதனால் கார் வாங்கினேன். உனக்கு அப்படி எதுவும் கிடையாது. "பஸ்ல தூங்கத்தான் முடியும். உங்கூட வந்தா பேசிகினு போலாம்" என்று சொல்லி ஏறிக்கொண்டவள் நீ. காலை ஏழேகாலுக்கு உன் தெருமுனையில் டிபன் பையோடு நிற்பாய். கதவைச் சாத்துவதற்குள் பேச்சைத் தொடங்கிவிடுவாய். என் மாமியார் சங்கதி, என் கர்ப்பப்பை ஆபரேஷன், என் தம்பி வீட்டுச் சண்டை, எதுவும் உனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அந்த வண்டியில்தான் சொன்னேன்.

வண்டியோடு வந்த ஸ்டீரியோவில் ரேடியோவும், பென் டிரைவ் சொருக ஓர் இடமும்தான் உண்டு. ஆரணியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ரேடியோ இரைய ஆரம்பித்துவிடும். நீதான் நச்சரித்தாய். "இன்னா வண்டி இது, ஒரு பாட்டு கேக்கறதுக்குக் கூட பேஜாரு. ஒரு நல்ல செட்டா போடுடி. போன்ல இருக்கறது அப்டியே பாடணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலூர் ரோட்டில் இருந்த கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதும் நீதான். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பட்டையை இடுக்கில் விட்டு நெம்பி, முன்பலகையின் சட்டத்தைக் கழற்றினார். பழைய ஸ்டீரியோ வெளியே வந்ததும் அந்த இடம் ஒயர் தொங்கும் பொந்தாகிவிட்டது. நீ அவர் தோளுக்குப் பின்னால் நின்று அதிகாரம் செய்தாய்.

"ஒயர எங்கயும் வெட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

"வெட்ட மாட்டேங்க. இந்த வண்டிக்குன்னே கப்ளர் வருது. அப்டியே சொருகினா போதும்."

பெரிய தொடுதிரை வைத்த செட் உட்கார்ந்தது. இடது ஓரத்தில் சட்டம் சரியாகப் பொருந்தாமல் நூலளவு இடைவெளி விட்டிருந்தது. நீ கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாய். போனில் பேசினால் குரல் கேட்க ஒரு குட்டி மைக்கை என் தலைக்கு மேலே பொருத்தினார்கள். போனைச் சேர்க்கச் சொன்னபோது என் போனில் சார்ஜ் இல்லை. உன்னுடையதைக் கொடுத்தாய்.

"மொதல்ல சேர்ற போனத்தாங்க இது எப்பவும் தேடும்" என்றார் கடைக்காரர். "வேணும்னா அப்புறம் மாத்திக்கலாம்."

"எதுக்கு மாத்தணும்? அவ போனே இருக்கட்டும்" என்று சொன்னது நான்தான்.

அதன்பிறகு தினமும் காலையில் நீ ஏறி உட்கார்ந்ததும் உள்ளிருந்து ஒரு பெண் குரல் 'கனெக்டட்' என்று சொல்லும். நீயும் மூக்கால் அப்படியே சொல்லிக் காட்டுவாய். நான் சிரிக்காத நாள் இல்லை.

நான்கு மாதம் கழித்து, பேக்கிங்கில் வேலை செய்த கலைச்செல்வி ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தாள். சூப்பர்வைசர் அவளைப் படுத்தியதை நின்றபடியே சொன்னாள். தனியாக ஸ்டோருக்கு வரச் சொல்வதும், வராவிட்டால் ஷிப்டை மாற்றிப் போடுவதும், கையைப் பிடித்ததும். சொல்லும்போது அவள் கண் வாசலிலேயே இருந்தது. "யாருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. எங்கூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னத்தான் தப்பா பேசுவாரு" என்றாள். எழுதிக் கொடுத்தால் நானே கூட வந்து திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசில் புகார் கொடுக்க ஏற்பாடு செய்கிறேன் என்றேன். ஒரு வாரம் யோசித்து, சம்மதித்தாள்.

சம்மதித்த அன்று மாலையே வண்டியில் உன்னிடம் சொன்னேன். பெயரோடு சொன்னேன். "பாவம்டி" என்றாய். "என்னிக்குப் போறீங்க?" என்றும் கேட்டாய். உன் கண்ணில் நீர் நின்றதை நான் பார்த்தேன். அது நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கலைச்செல்வியின் புருஷனுக்கு ஆபீசிலிருந்து போன் போனது. உங்கள் மனைவி வேலை நேரத்தில் ஆண்களோடு சுற்றுகிறாள், கண்டித்து வையுங்கள் என்று. மறுநாள் அவன் வந்து கம்பெனி கேட் அருகிலேயே அவளை அறைந்தான். அவள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு கண்ணமங்கலத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் பத்துப் பேரைச் சந்தேகப்பட்டேன். வண்டியில் அந்தப் பத்துப் பேரைப் பற்றியும் உன்னிடமே பேசினேன். நீ ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் சொன்னாய். அவள் வராவிட்டாலும் நான் தனியாகவே கலெக்டர் ஆபீஸ் போகிறேன் என்று சொன்னபோது, "ஜல்தியா எதையும் செஞ்சிடாதே" என்றாய்.

பிறகு அந்தக் காலை. செய்யார் ரோட்டில் வழக்கமாகப் பூ வாங்கும் இடத்தில் இறங்கினாய். கைப்பை சீட்டில் இருந்தது, போன் அதற்குள். மணி அடித்தது. திரையில் 'மேனேஜர் சார்' என்று வந்தது. நேரமாகிவிட்டதே, ஏதோ ஆபீஸ் வேலை, வந்துவிடுவாள் என்று சொல்லலாம் என்று பச்சைப் பொத்தானைத் தொட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியின் நான்கு ஸ்பீக்கரிலும் அவர் குரல்.

"ஏம்மா, அந்தப் பொம்பள கலெக்டர் ஆபீசுக்கு என்னிக்குப் போவுதுன்னு கேட்டியா? போன தடவ மாதிரி ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடு."

"அலோ? பக்கத்துல இருக்குதா? சரி, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டார்.

நீ சிரித்துக்கொண்டே வந்து ஏறினாய். முழம் மல்லிகையைப் பல்லால் கடித்துப் பாதியாக்கி என் மடியில் வைத்தாய். நான் வண்டியை எடுத்தேன்.

"மேனேஜர் கூப்ட்டாரு" என்றேன்.

"எதுக்காம்?"

"நான் என்னிக்கு கலெக்டர் ஆபீஸ் போறேன்னு கேட்டாரு. போன தடவ மாதிரி முன்னாடியே சொல்லணுமாம்."

நீ கையை நீட்டித் திரையில் ஒலியைக் குறைத்தாய். அப்போது எந்தப் பாட்டும் ஓடவில்லை.

"எம் புள்ளைய கம்பெனில வேலைக்கு எடுத்துக்கறேன்னாங்க சுமதி. ஆபீஸ்ல இன்னா நடக்குதுன்னு மட்டும் சொல்லச் சொன்னாங்க. அவ புருஷனுக்குப் போன் போடுவாங்கன்னு நான் கனவுலயும் நெனைக்கல."

"அதுக்கப்புறமும் சொல்லிகினுதானே இருந்தே?"

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனாய். அந்த வாரமே நான் திருவண்ணாமலைக்குப் போய் மனு கொடுத்தேன். பாதிக்கப்பட்டவர் வந்து சொன்னால்தான் மேற்கொண்டு பார்க்க முடியும் என்றார்கள். அவள் வரவில்லை. அந்த சூப்பர்வைசர் இன்றும் அங்கேதான் இருக்கிறான்.

பிறகு ஏழு மாதம் ஒரே கூரையின் கீழ் பேசாமல் இருந்தோம். ஒருநாள் காலையில் நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நீ பக்கத்தில் நடந்து போனாய். 'கனெக்டட்' என்றது குரல். நீ கடைசியாகக் கேட்ட பாட்டு பாதியிலிருந்து பாட ஆரம்பித்தது. பத்தடி போனதும் இரைந்து நின்றது. உனக்குத் தெரிந்திருக்காது. அன்றுதான் உன் போனின் பெயரை அதிலிருந்து அழித்தேன். அழித்துவிட்டு வேலைக்குப் போக முடியாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

உனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆபீசில்தான் கேள்விப்பட்டேன். வந்தேன். நீ பட்டுப் புடவை சுற்றிப் படுத்திருந்தாய். உன் மகன் கம்பெனி சட்டையோடு நின்றிருந்தான். உன் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பவும் உங்களப் பத்தியேதாங்க பேசிகினு இருந்தா" என்றார். என்ன பேசினாய்? அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று உன் காலருகில் நின்று சொல்லவும் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

அடுத்த மாதம் வேலையை விட்டேன். இப்போது ஆரணியிலேயே ஒரு அரிசி ஆலையில் இருக்கிறேன், நடந்து போகிற தூரம்.

போன வாரம் கண்ணமங்கலத்துக்குப் போனேன். கலைச்செல்வி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். புருஷன் வந்து கூட்டிக்கொண்டு போகவேயில்லை. என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினாள், எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்கக்கா. நான் உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். நீங்க யாருகிட்ட சொன்னீங்க?"

உன் பெயர் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் என்னை நம்பியிருப்பாள். உன் மகன் முகம் ஞாபகம் வந்தது என்பது உண்மைதான். ஆனால் நான் நிறுத்தியது அதற்காக இல்லை. அவள் யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதை, அவள் சம்மதித்த அன்று சாயங்காலமே பெயரோடு உன்னிடம் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தது நான். நீ செய்ததை நான் எவ்வளவு சொன்னாலும் அந்த முதல் பேச்சு என்னுடையது.

"எங்கிட்டேர்ந்துதாம்மா போச்சு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். எனக்குத் தெரியும் என்பதுபோல இருந்தது அது. பிறகு துணியைத் திருப்பிப் போட்டுத் தைக்க ஆரம்பித்தாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஆரணி பஸ் ஏறினேன்.