வியாழக்கிழமைத் தண்ணீர்

2025 பெப்ரவரி 5
கத்தரிக்குத் தண்ணீர் விட்டேன். கிணறு றஜிதாவின் அண்ணை இராசநாயகத்தின் வளவுக்குள் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் கலியாணம் முடித்தவர்களுக்குத்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத் தனி நாள். றஜிதா முடிக்கவில்லை, ஆகவே அண்ணையின் நாளில் மிஞ்சுவது எங்கள் இருவருக்கும். நான் இந்த வீட்டுக்கு வந்த காலம் முதல் இப்படித்தான். கத்தரிக்கு இதெல்லாம் தெரியாது, நன்றாகக் காய்க்கிறது.

பெப்ரவரி 11
றஜிதாவின் இதயத்தில் ஒரு வால்வு மாற்ற வேண்டுமாம். மார்ச் கடைசியில் சத்திரசிகிச்சை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "எனக்கு ஏதும் நடந்தால் நீர் எங்கை இருப்பீர்?"
புட்டு ஆறுகிறது என்றேன்.

பெப்ரவரி 14
காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஸ்ரெல்லாவிடம் போனோம். இந்த வீடு றஜிதாவுக்குச் சீதனமாக எழுதியது. அவள் இல்லாவிட்டால் அண்ணைக்குப் போகும்.
"கலியாணம் முடிச்ச சோடியெண்டால் உங்களுக்கும் உரித்து இருக்கும், உதயகலா அக்கா. உங்கள் ரெண்டு பேருக்கும் அப்பிடிச் சட்டம் இல்லை. நன்கொடை உறுதி எழுதுவம்" என்றார்.
வீட்டை எழுதலாம். கிணற்றுப் பங்குக்கு அண்ணையின் கையெழுத்து வேண்டும். தண்ணீர் இல்லாத வீட்டை வைத்து என்ன செய்வது?

பெப்ரவரி 16
றஜிதா அண்ணையிடம் கேட்டாள். "சீதனம் கலியாணத்துக்கு எழுதினது" என்றாராம். "நானும் குடும்பம்தானே நடத்துறன்" என்றிருக்கிறாள். அதோடு கதை நின்றது.

பெப்ரவரி 19
எங்கள் பக்கத்து வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது. தற்செயலா?

பெப்ரவரி 24
தற்செயல் இல்லை, அண்ணைதான் அடைத்திருக்கிறார். குடிக்க அள்ளுவதைத் தடுக்கவில்லை, அது மட்டும்தான். கத்தரி வாடிவிட்டது. ஆர் இவர்? அவளுக்கு மூச்சு வாங்கேக்கை எழும்பி இருக்கிறது நான். மருந்து குடுக்கிறது நான். உவருக்கு என்ன தெரியும் —
தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கோபம் போகவில்லை. எழுத்து மட்டும் நேராகியிருக்கிறது.

மார்ச் 2
அண்ணை வந்தார். கதிரையில் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதால் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.
"சட்டம் வந்தாலும் நீங்கள் ரெண்டு பேரும் இருக்கிறதைக் கலியாணம் எண்டு நான் ஒப்பமாட்டன், ரீச்சர்."
"நீங்கள் ஒப்ப வேண்டாம், அண்ணை. அவ இல்லாத காலத்திலை என்னை வெளியிலை விட்டிடாதேங்கோ."
முற்றத்து வேலிப் பக்கம் திரும்பினார். அவருடைய மனைவி மீனாம்பிகையின் காணி காங்கேசன்துறையில், ஆமியின் வேலிக்குள் கிடந்தது.
"உறுதி பெட்டிக்குள்ளை, நாங்கள் வேலிக்கு வெளியிலை. எத்தினை வருஷம்! சொந்த வீட்டுக்கு வெளியிலை நிக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும். கையெழுத்து வைக்கிறன். கலியாணமெண்டு மட்டும் என்னட்டைச் சொல்லாதேங்கோ."
உங்களிடம் சொல்லமாட்டேன், அப்படிச் சட்டம் வேண்டுமென்று கேட்பவர்களோடு போய் நிற்பேன் என்றேன்.
"அது உங்கடை பாடு" என்றார். தேத்தண்ணீர் குடித்தார், நின்றபடியே.

மார்ச் 11
உறுதி முடிந்தது. அண்ணை கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்துத்தான் கையெழுத்து வைத்தார்.

மார்ச் 20
நாளை றஜிதா ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பயமாக இருக்கிறது. காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலால் அண்ணையின் குரல்.
"ரீச்சர், இனி வியாழக்கிழமை உங்கடை முறை. கிணத்து மோட்டரை நீங்கள்தான் போடவேணும். என்னைப் பார்த்துக்கொண்டு நிக்காதேங்கோ."
எங்களுக்கு ஒரு தனி நாள். றஜிதா மடித்த துணியை மறுபடி மடித்தாள். கண்ணைத் துடைத்தாள், பிறகு சிரித்தாள்.
"தனி நாள் ஆருக்குக் குடுக்கிறதெண்டு அவருக்கு ஞாபகப்படுத்திப் போடாதையும்" என்றாள்.
இன்று வியாழக்கிழமை. நான் போய் மோட்டரைப் போட்டேன்.