பதினைந்தாவது பாட்டில்

ஜூலை 9, புதன். இலத்தூர்.

விடிந்ததிலிருந்து சாரல். துணி காயவில்லை. அப்பாவின் வேட்டி இரண்டும் கொடியில் அப்படியே. எடுக்க அம்மா விடமாட்டேன் என்கிறாள்.

சார் போன். (ஆற்றுநீர் ஆய்வுக்கு எங்கள் தலைவர்.) கடல் வேலை முடிந்து படகை ஒப்படைத்தாயிற்றாம். பாக்கி ஒரே இடம், குற்றாலத்தில் அருவிக்குக் கீழே சிற்றாறு. இங்கே புறப்படும் தண்ணீரையும் பார்த்தால்தான் முகத்துவாரத்தில் என்ன மாறியது என்று சொல்ல முடியும்.

"நீ வர வேண்டாம்மா, நாங்க பாத்துக்குறோம்."

வருகிறேன் என்றேன். வீட்டில் இருந்தால் ஆளாளுக்கு ஆறுதல் சொல்கிறார்கள்.

எடுத்துவைக்க: பாட்டில் 6, வடிதாள், கையுறை, ஐஸ் பெட்டி, அழியாத மைப் பேனா. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை.

சாயங்காலம் வடகரை அத்தை துக்கம் விசாரிக்க வந்தாள். "நடுக்கடல்ல இருந்தவளுக்கு எப்படித் தாக்கல் சொல்ல? டவரே கிடையாதுல்லா. பாவம், பெத்த அப்பன் மொகத்தப் பாக்கக் குடுத்துவைக்கல."

தலையாட்டினேன். இப்போதெல்லாம் நன்றாகவே ஆட்டுகிறேன்.

ஜூலை 10, வியாழன்.

யாரும் படிக்காத நோட்டு. எழுதிவிடுகிறேன்.

போன வாரம், ஆறு கடலில் சேரும் இடத்தில் படகை நிறுத்தி, ஒரு முழு நாள், மணிக்கொரு பாட்டில் தண்ணீர், மொத்தம் இருபத்துநாலு. கடலின் ஏற்றம், வற்றம் இரண்டும் முழுசாகக் கிடைக்க வேண்டும். நடுவில் விட்டால் அத்தனையும் குப்பை.

பதினைந்தாவது பாட்டில் நிரப்பும்போது டவர் வந்தது. அண்ணன் வாட்ஸ்அப்பில்: "அப்பாவுக்கு மூச்சு எளைக்குது. ஒன்னத்தான் கேக்காரு. ஒடனே வா."

இன்னும் ஒன்பதுதானே என்று நினைத்தேன். போன மாதமும் இப்படித்தான் எல்லாரையும் கலங்கடித்துவிட்டு, மறுநாள் எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டார். சாரிடம் சொல்லியிருந்தால் அப்போதே படகைத் திருப்பியிருப்பார். சொல்லவில்லை. பதிலும் போடவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

இருபத்திரண்டாவது பாட்டில் நேரத்தில் அப்பா போனார், தென்காசி ஆஸ்பத்திரியில்.

கரைக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து தென்காசி மூன்று மணி நேரம். பத்தொன்பதாவது பாட்டில் நேரத்திலேயே அப்பா பக்கத்தில் இருந்திருப்பேன். தினமும் இந்தக் கணக்கைப் போடுகிறேன். ஒரு தடவையாவது தப்பாக வரக்கூடாதா?

டவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்களாகச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். பெரிய யோக்கியம்.

மத்தியானம் சார் மறுபடி போன். இருபத்துநாலும் அருமையாக வந்திருக்கிறதாம், ஒன்றுகூடப் பழுதில்லையாம்.

அண்ணன் சொல்லுகிறான், நாளை ஏழு மணிக்குக் குற்றாலத்தில் அஸ்தி கரைக்க. எங்கள் ஆய்வுக்குக் குறித்த அதே படித்துறை. அதே ஏழு மணிக்குத்தான் நான் தண்ணீர் எடுக்க வேண்டும். எலும்புச் சாம்பல் கலந்தால் பாஸ்பேட் ஏறிவிடும், நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன், எந்த வாயால் கேட்டேனோ.

அண்ணன் நான் எடுத்துவைத்திருந்த பாட்டில்களைப் பார்த்தான். அப்புறம், "எடுத்துக்கோட்டி. அப்பா எங்க போகப்போறாரு."

ஜூலை 11, வெள்ளி. குற்றாலம்.

சாரல் பலம். சீசன் கூட்டம், எங்கே பார்த்தாலும் எண்ணெய் தேய்த்த முதுகு.

ஒவ்வொரு பாட்டிலையும் அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிக் கொட்டிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஆறு பாட்டில். இருபது நிமிஷம். அண்ணன் படியில் நின்றான், கலயத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. துண்டால் கலயத்தை மூடிவிட்டுத் தான் நனைந்தான்.

சடங்கு செய்ய வந்தவர், "ஏம்மா, தண்ணி எங்கயும் ஓடிராது, சட்டுனு வா" என்றார். சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். அப்படியே அழுகையாகிவிட்டது.

கரைத்தான். ஒரு நொடி வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு இல்லை. சார் ஐஸ் பெட்டியோடு வண்டிக்குப் போய்விட்டார்.

டீக்கடையில் நானும் அண்ணனும் மட்டும். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவன் போனை எடுத்து என் முன்னால் வைத்தான். அந்தச் செய்தி. பக்கத்தில் இரண்டு நீல டிக்.

"அன்னைக்கே பாத்துட்டேன். அம்மைகிட்ட சொல்லல, சொல்லவும் மாட்டேன்."

டீ கிளாஸை என் பக்கம் நகர்த்திவைத்தான்.

"நீல டிக்கு விழுந்ததும் அப்பாட்ட சொல்லிட்டேன்ட்டி, 'படிச்சிட்டாப்பா, வந்துக்கிட்டு இருக்கா'ன்னு. அதுக்கப்புறம் கண்ண மூடவே மாட்டேன்னுட்டாரு. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு."