வோக்கரின் வரைபடம்

வெக்ஸ்போர்ட், ஐப்பசி, ஞாயிறு.

பக்கத்து வீட்டு வோக்கர் இன்று தன் குடும்பப் பெயரின் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மகன் சிவகுமாரன் சொன்னான். முதல் வோக்கர்கள் இங்கிலாந்தின் வடக்கில் ஈரக் கம்பளித் துணியை இறுக்க அதன்மேல் காலால் மிதித்து நடந்தவர்களாம்; 'நடப்பவர்' என்பதுதான் அந்தப் பெயராம். இப்போது அமெரிக்கா, அவுஸ்திரேலியா, கனடா எங்கும் அதே பெயர். எனக்கு வயிறு எரிந்தது. கந்தையா என்ற என் பெயர் மகனோடு முடிகிறது.

அவர் போனதும், பிறந்திருக்கிற பேரனின் பிறப்புப் பதிவைப் பற்றி மகனிடம் பேசினேன்.

"கடைசிப் பேருக்குக் கந்தையா எண்டே போடு தம்பி."

"தகப்பன்ர பேர்தானே போடுறது, அப்பா? அப்ப என்ர பேர் எங்க போறது?"

"உந்தத் துணி மிதிச்சவன்ர வீட்டில பார், ஒரே பேர்."

"நீங்கள் உங்கட அப்பான்ர பேரையா எனக்குக் கடைசிப் பேராப் போட்டனீங்கள்?" என்று சிரித்தான்.

ஏழு தலைமுறைத் தகப்பன்மாரின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொருவரும் தன் தகப்பனின் பெயரை விட்டுவிட்டுத் தன் பெயரை மகனுக்குக் கொடுத்தவர்கள்தான். நானும் சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். அதே சந்தோஷம் சிவகுமாரனின் முகத்திலும் தெரிந்தது.

"சரி, உன்ர பேரையே போடு" என்றேன்.

வோக்கரோடு ஒரு கிழமைக்குக் கதைப்பதாக இல்லை.